கேட்காதவர்களுக்காக

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தமக்கையின் மகன் வந்திருந்தான். அவன் வேலை பார்க்கும் இடத்தில், அங்குள்ள கணினிகளுக்கெல்லாம் இயங்குதளத்தைத் தயாரித்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"என்னடா யோசனை?" என்றேன்.

"எந்த ஷெல்லை வைக்கிறது என்று முடிவு பண்ணணும், மாமா. வேகமானதை வைத்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் பெரியவர் ஒருத்தர் இருபது வருஷமாக எழுதி வைத்திருக்கிற கட்டளைப் பட்டியல்கள் நின்றுபோகும். தப்பு அவர் மேல்தான். விதிப்படி எழுதவில்லை."

விஷயம் இதுதான். மனிதன் எழுத்தில் இடும் கட்டளையை வாங்கி, பொருள் புரிந்துகொண்டு, இயந்திரத்திடம் வேலை வாங்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். இயந்திரம் விழித்தெழும்போது தனக்குத்தானே பல கட்டளைப் பட்டியல்களை அதன் மூலம் நடத்திக்கொள்கிறது. அந்த ஷெல்லுக்கு 'எஸ்ஹெச்' என்று ஒரு பொதுப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் எதை உட்கார்த்தி வைப்பது என்பதை இயங்குதளத்தைத் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். உபயோகிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு முடிவு நடந்ததே தெரியாது.

லினக்ஸ் உலகில் பல ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தது, 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்ட பாஷ். வசதிகள் நிறைந்தது, ஆனால் கனமானது. 2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10, அந்த இடத்தில் டாஷ் என்ற சிறிய ஷெல்லை வைத்தது. மனிதர் உட்கார்ந்து கட்டளை தட்டும் இடத்தில் பாஷே இருந்தது. வேகம்தான் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் முதல் வரியில் 'எஸ்ஹெச்' என்று எழுதிவிட்டு, உள்ளே பாஷுக்கே உரிய சலுகைகளை நம்பியிருந்த பட்டியல்கள் இடறி நின்றன.

யார் மேல் குற்றம்? பல வருஷம் திறந்து கிடந்த வழியில் எல்லோரும் நடந்து பழகிய பிறகு, 'இது வழியே இல்லை, பத்திரத்தைப் பார்' என்று ஒருநாள் காலையில் சுவர் எழுப்பினால், பத்திரம் நம் பக்கம் இருக்கலாம். நியாயம் முழுவதும் நம் பக்கம் இருக்குமா?

அதற்காக எதையுமே மாற்றாமல் இருந்துவிடுவது தர்மமாகாது. ஒருவருடைய பழக்கத்துக்காக அத்தனை பேரும் தினம் கொஞ்சம் காத்திருக்கிறார்கள். அவர்களையும்தான் யாரும் கேட்கவில்லை.

இதே மாற்றத்தை டெபியனும் செய்தது. ஆனால் பாஷ் சலுகைகளைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கொண்டு பட்டியல்களைத் தேடித் தேடித் திருத்திய பிறகு, 2011 பிப்ரவரியில் வந்த 6.0 பதிப்பில்தான் செய்தது.

"2014 செப்டம்பரில் பாஷில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டதே! இருபத்தைந்து வருஷமாக ஒளிந்திருந்தது. டாஷ் இருந்த இடங்களில் ஆபத்து நுழையும் வழிகள் குறைவு. மாற்றியது சரிதானே, மாமா?" என்றான்.

சரிதான். ஆனால் அந்த ஓட்டையை நினைத்து யாரும் மாற்றவில்லை. பின்னால் தற்செயலாக வந்த நன்மை, முன்னால் இடறி விழுந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லாத குறையைத் தீர்த்துவிடுமா?

நானும் குடும்பத்தில் மூத்தவன். 'எல்லோருக்கும் நல்லது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் எத்தனை முடிவுகள் எடுத்திருக்கிறேன்! அவற்றில் பல சரியாகவே இருந்தன. ஆனாலும் அம்மா சாகும் வரை அந்தப் பழைய வீட்டைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

"வேகமானதையே வை. அதற்கு முன்னால் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டியல்களைத் திருத்திக் கொடு" என்றேன்.

"அவர் இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார், மாமா."

"அப்படியானால் மூன்று மாதம் இருக்கிறதே!"

ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.