தனியப் போகட்டும்

பாரிசில் எங்கள் தமிழ் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை என்னென்ன வேலை செய்கிறது! அரச அலுவலகமான பிரெஃபெக்ச்சரிலிருந்து வந்த கடிதத்தைத் தாய்க்கு வாசித்துச் சொல்கிறது. தகப்பனின் நெஞ்சு நோவை வைத்தியருக்குப் பிரெஞ்சில் விளக்குகிறது. அதே பிள்ளை, "அம்மா, ரூ பெர்தொனே கடைத்தெருவுக்கு நான் தனியப் போய்க் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வாறன்" என்றால், "உனக்கென்ன தெரியும், சின்னப்பிள்ளை" என்கிறோம்.

எங்களுக்குத் தேவையென்றால் அது வளர்ந்த பிள்ளை. தனக்கென்று ஒன்று கேட்டால் குழந்தை. இது நியாயமில்லை.

பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 80களிலும் 90களிலும் போருக்கு நடுவே யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்தவர்களுக்கு, வெளியே போன பிள்ளை திரும்பி வரும்வரை சோறு இறங்காது. சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, ஆட்சேர்ப்பு. அந்தப் பயம்தான் பெற்றோரைக் காணி விற்று, நகை விற்று, பதினாறு பதினேழு வயதுப் பையன்களை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரிடம் ஒப்படைக்க வைத்தது. மொழி தெரியாத நாடுகளுக்குத் தனியே வந்த அந்தப் பையன்களில் பலர் இன்று இங்கே தலை நரைத்த தகப்பன்மார். அவர்களை அனுப்பியது நம்பிக்கையல்ல, வேறு வழியில்லாமை. படிப்படியாக, வீட்டுக்குப் பக்கத்திலிருந்தே தனியே போகப் பழகும் பேறு இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் வாய்த்திருக்கிறது. அதை ஏன் தடுக்க வேண்டும்?

இந்த நாட்டின் பள்ளிக்கூடம் அதற்கு இடம் கொடுக்கிறது. மழலையர் பள்ளியில் பெற்றோரோ அவர்கள் எழுதிக்கொடுத்த ஒருவரோ வந்தால்தான் பிள்ளையை விடுவார்கள். 6 வயதில் ஆரம்பப் பள்ளி தொடங்கினால் அந்தக் கட்டாயம் இல்லை. 11 வயதில் கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளிக்குப் போகும்போது வகுப்புத் தோழர்கள் பலர் தனியே மெத்ரோ ஏறுவார்கள். அதுவரை கை பிடித்தே நடந்த பிள்ளை அன்றைக்குத் திகைத்து நிற்கும்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ரூ பெர்தொனேக்குப் பக்கத்து லா சப்பல் மெத்ரோ வாசலில் நெரிசல் உண்டு, கள்ளச் சிகரெட் விற்பவர்கள் உண்டு, கார் டு நோர் ரயில் நிலையப் பக்கத்தில் இரவில் நானே வேகமாக நடப்பேன். ஆனாலும் பகலில் ரூ பெர்தொனே பழகுவதற்கு நல்ல தெரு. சின்னத் தெரு. தமிழ் காதில் விழும். தடுமாறினால் எந்தக் கடைக்குள்ளும் ஏறி "மாமா" என்று கூப்பிடலாம்.

அந்த மாமாவிடம்தான் சிக்கலும் இருக்கிறது. "உங்கட மகளை அந்தப் பக்கம் கண்டனான்" என்று யாரோ சொன்ன ஒரு வரியால் வீட்டுக்குள் அடைபட்ட பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். அண்ணனுக்கு அதே தெருவில் ஒரு கேள்வியும் இல்லை. பெண்பிள்ளைக்கு ஆபத்து கூடவென்றால் அவளுக்குத்தான் பாதைகளும், யாரிடம் உதவி கேட்பதென்பதும், "வேண்டாம்" என்று உரத்துச் சொல்வதும் முதலில் பழக்கமாக வேண்டும். வீட்டுக்குள் இருந்து அதைப் பழக முடியாது.

எந்த வழியால் போவாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டு, அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டு அனுப்புங்கள். அனுப்பிய பிறகு கடைக்காரருக்குப் போன் எடுத்து "பிள்ளை வந்ததா?" என்று விசாரிக்காதீர்கள். அவள் வந்து சொல்லட்டும்.