இல்லையும் மாட்டேனும்

"எங்கள் வீட்டு நாய் சொன்ன பேச்சைக் கேட்கும்" என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதவர் யார்? அதன் அறிவுக்கு நாம் கொடுக்கும் நற்சாட்சி அதுதான். பிள்ளைகளைப் பற்றியும் இதே பேச்சுத்தான். 'கேட்பது' என்றால் காதில் வாங்குவது, கீழ்ப்படிவதும் அதுவே. இரண்டும் ஒன்றென்றே நினைத்துப் பழகிவிட்டோம்.

ஹவாய்த் தீவுகளில், ஹொனலூலு நகரத்தில், லூயி ஹெர்மன் என்ற பேராசிரியர் டால்பின்களுக்கு மொழி கற்பித்தார். நம் கடற்கரையில் ஓங்கில் என்பார்களே, அதே பிராணிதான். நாம் வாயால் பேசும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆகவே ஃபீனிக்ஸ் என்ற ஓங்கிலுக்கு நீருக்குள்ளேயே ஒலிகளை எழுப்பி அவற்றைச் சொற்களாக்கினார்கள். அகேயகமாய் என்ற மற்றொன்றுக்குக் கையசைவே சொல்.

அகேயகமாய்க்குக் கற்பித்த வாக்கியத்தில், தமிழைப் போல, வினை கடைசியில் வரும். 'ஆள், பலகை, கொண்டு போ' என்றால் ஆளிடம் பலகையைக் கொண்டுபோக வேண்டும். 'பலகை, ஆள், கொண்டு போ' என்றால் பலகையிடம் ஆளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நமக்கு உதவ வேற்றுமை உருபுகள் உண்டு. அதற்கு வரிசை ஒன்றே துணை. கண்ஜாடை காட்டிக் கொடுத்துவிடாதபடி கட்டளையிடுகிறவர் இருண்ட கண்ணாடி அணிந்துகொள்வார். அப்படியும் புதிய வாக்கியங்களை அது புரிந்துகொண்டது. 1984-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

என்னை நிறுத்திய செய்தி வேறு. தொட்டியில் பந்து இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல அதற்கு இரண்டு மட்டைகள் வைத்தார்கள். ஒன்றை அழுத்தினால் 'உண்டு'. மற்றதை அழுத்தினால் 'இல்லை'. இல்லாத பொருளை இல்லையென்று சொல்ல அந்தப் பிராணிக்குத் தெரிந்திருந்தது!

தமிழில் 'இல்லை' வேறு, 'மாட்டேன்' வேறு. முன்னது உலகத்தைப் பற்றியது. பின்னது தன்னைப் பற்றியது. 'மாட்டேன்' என்பதற்கு அங்கே மட்டை இல்லை. கட்டளையைக் கேட்டு ஓங்கில் விலகி நீந்தினால், அது புரியாமையா, விருப்பமின்மையா? கீழ்ப்படிதலையே அறிவுக்கு அளவுகோலாக வைத்தவர்கள் அதை எப்படிப் பிரித்தறிவது?

அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1977-ல் அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இருவர், அங்கிருந்த வேறு இரண்டு ஓங்கில்களைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டார்கள். அடிமைத்தனத்திலிருந்து மீட்டோம் என்றார்கள். பிறரைக் காக்கச் செய்த காரியம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் சொல்லும் 'பிறர்' என்பதில் ஓங்கில் அடங்காது என்று முறையீட்டிலும் தீர்ப்பாயிற்று. அந்த இருவரின் நெஞ்சில் இரக்கம் இருந்தது, உண்மை. ஆனால் போக விருப்பமா என்று ஓங்கில்களைக் கேட்க அவர்களுக்கும் வழியில்லை. அடைத்தவரும் மனிதர், அவிழ்த்தவரும் மனிதர்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "தண்ணீர் கொண்டு வா அம்மா" என்று பேத்தியிடம் சொன்னேன். "மாட்டேன் தாத்தா" என்றாள், பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமலே. சுருக்கென்று கோபம் வந்தது. மறுகணமே சிரிப்பும் வந்தது. நான் சொன்னது குழந்தைக்கு முழுக்கப் புரிந்திருக்கிறது! எழுந்து போய், நானே மொண்டு குடித்தேன்.