பொறுத்தல் எல்லாம் தவமாகுமா?

பத்து நாள் தசலக்ஷணப் பருவம் நிறைவெய்தியதும் நம் இல்லங்களில் எழும் முதற்பேச்சு, எவர் எத்தனை நாள் உண்ணா நோன்பு இருந்தார் என்பதே. நோற்றவர்க்கு மாலை சூட்டுகிறோம், சால்வை போர்த்துகிறோம், நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். நோன்பைப் போற்றுவது தவறன்று. ஆயினும், போற்றும்போது எதனைப் போற்றுகிறோம் என்று நாம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. பசியைப் பொறுத்ததையா? பொறுத்த நாள்களின் எண்ணிக்கையையா? பொறுத்தல் எல்லாம் தவமாகிவிடுமா?

இவ்வினாவை நம் வழக்கங்களுக்குள்ளேயே வைத்து ஆராய்ந்தால் பழக்கம் கண்ணை மறைத்துவிடும். ஆதலின், நம் சமயத்தோடு தொடர்பு ஏதுமில்லாத, வீடுபேற்றைக் குறிக்கோளாகக் கொள்ளாத ஒருவரின் வாழ்வை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அவர், தைவானில் பிறந்து நியூயார்க் நகரில் கலைப்பணி புரிந்த தேச்சிங் ஷியே என்பவர். தம் உடலையும் காலத்தையுமே கருவியாகக் கொண்ட நிகழ்த்துக் கலைஞர்.

அவர் ஏற்ற உறுதிமொழிகள்

ஷியே 1950-ஆம் ஆண்டு பிறந்தவர். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி ஓவியம் தீட்டினார். 1973-இல் மாடிச் சன்னல் ஒன்றிலிருந்து குதித்து, அதனையே ஒரு கலைச்செயலாகப் படம்பிடித்தார். இரு கணுக்கால்களும் முறிந்தன. 1974-இல் கப்பலில் பணியாளாக வந்து, அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கித் தலைமறைவானார். அதன்பின் 14 ஆண்டுகள், 1988-இல் பொதுமன்னிப்புக் கிட்டும் வரை, சட்ட அனுமதியின்றியே வாழ்ந்தார். உணவகங்களில் பாத்திரம் கழுவியும் தரை துடைத்தும் பிழைத்தார்.

அந்நிலையில்தான் அவர் ஓராண்டு உறுதிமொழிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றார். 1978 செப்டம்பர் இறுதியில், தம் இருப்பிடத்திலேயே 11½ அடி நீளமும் 9 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட மரக்கூண்டு ஒன்றினுள் புகுந்தார். ஓராண்டு முழுவதும் பேசுவதில்லை, படிப்பதில்லை, எழுதுவதில்லை, வானொலி கேட்பதில்லை, தொலைக்காட்சி காண்பதில்லை என்பது உறுதி. கூண்டு திறக்கப்படவில்லை என்பதற்கு வழக்கறிஞர் ஒருவர் முத்திரையிட்டுச் சான்றளித்தார்.

1980 ஏப்ரல் 11 முதல் மற்றோர் ஆண்டு. தொழிற்சாலைகளில் வருகை பதியும் கடிகாரம் ஒன்றை வைத்து, இரவும் பகலும் மணிக்கொரு முறை அட்டையில் நேரம் பதித்தார். அவ்வாண்டில் ஒரு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து உறங்குவதற்கே வழியில்லை. 1981 செப்டம்பர் 26 முதல் ஓராண்டு, எந்தக் கட்டடத்திலும் வண்டியிலும் கூடாரத்திலும் குகையிலும் நுழைவதில்லை என்று நியூயார்க்கின் பனிக்காலத்தைத் தெருவிலேயே கழித்தார். 1983 ஜூலை 4 முதல் ஓராண்டு, லிண்டா மொன்டானோ என்னும் பெண் கலைஞரும் அவரும் 8 அடிக் கயிற்றால் இடுப்பில் பிணைக்கப்பட்டு, ஆயினும் ஒருவரையொருவர் தீண்டாமல் வாழ்ந்தனர். 1985 ஜூலை முதல் ஓராண்டு, கலையைச் செய்வதில்லை, காண்பதில்லை, அதுபற்றிப் பேசுவதுமில்லை என்றிருந்தார்.

தவம் எனலாமா?

கேட்போர் வியப்பர், சிலர் பித்து என்பர். நாம் இரண்டையும் விடுத்து, நம் ஆசாரியர்கள் வகுத்த அளவுகோலை எடுப்போம். சிறையில் பிணிக்கப்பட்டவன் பசியையும் வேட்கையையும் பொறுக்கிறான், தரையில் கிடக்கிறான். அதனால் நிகழும் வினை உதிர்ப்பை அகாம நிர்ஜரை என்பர். அவன் விரும்பி ஏற்றதன்று ஆகலின் அது தவமன்று. ஷியே விரும்பியே கூண்டினுள் புகுந்தார். ஆகவே அவர் அச்சிறையாளியின் வரிசையில் நிற்பவரல்லர். ஆனால் உயிரின் இயல்பை உணர்ந்து வினையை உதிர்க்க முனைந்தவருமல்லர். வாழ்வு என்பது காலம் கழிதலே என்பது அவர் கொள்கை. நற்காட்சியின்றி உடலை வருத்துதலை நம் நூல்கள் பாலதபம் எனச் சொல்லும். அவ்வளவில் அவர் செய்தது நம் நெறிப்படியான தவமன்று. அவரும் அதனைத் தவமென்று சொல்லிக்கொண்டதில்லை.

இத்துடன் தீர்ப்பு வழங்கி எழுந்துவிடலாம். ஆனால் அவருடைய வாழ்வில் மூன்று செய்திகள் நம்மை எழவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன.

பிறர் சுமக்கும் சுமை

தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலோடு, பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்தே தவத்தின் வடிவமாகத் திருக்குறள் கூறும். முன்னதை நாம் மறப்பதில்லை. பின்னதை எளிதில் மறந்துவிடுகிறோம். கூண்டில் இருந்தவருக்கு நாள்தோறும் உணவு கொணர்ந்தவர் ஒருவர் உண்டு. ஆடையைப் பேணி, கழிவை அகற்றியவரும் அவரே. அவர் செங் வெய் குவோங் என்னும் நண்பர். ஓராண்டு முழுவதும் ஒருவரது நோன்பின் சுமையை மற்றொருவரும் தாங்கினார். ஷியே தம் உறுதிமொழித் தாளிலேயே அந்நண்பரின் பெயரையும் அவர் ஏற்ற பணியையும் எழுதிவைத்தார்.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். கதிரவன் மறையுமுன் உணவு அமைய வேண்டும். நீர் வடித்துக் காய்ச்சப்பட வேண்டும். பாரணைக்கு உரியவை விடியலில் ஆயத்தமாக வேண்டும். இவற்றைச் செய்யும் தாய்மாரின் பெயர் பாராட்டுப் பட்டியலில் வருவதில்லை. சூடிய மாலையில் ஒரு பூவேனும் அவர்க்கு உரியதன்றோ?

பிழையின் கணக்கு

அடுத்தது, மணிதோறும் கடிகாரம் பதித்த ஆண்டு. ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். அவற்றுள் அவர் தவறவிட்டவை 133. உறக்கத்தால் தவறியவை 94. காலந்தாழ்த்திப் பதித்தவை 29. முந்திப் பதித்தவை 10. இக்கணக்கை அவரே எழுதிவைத்து எவரும் காணுமாறு வெளியிட்டார். தெருவில் வாழ்ந்த ஆண்டிலும் காவல்துறையினர் அவரைப் பிடித்துச் சென்று ஏறத்தாழ 15 மணி நேரம் கட்டடத்தினுள் வைத்தனர். அது அவர் விரும்பாமல் நேர்ந்தது. ஆயினும் அதனையும் அவர் மறைக்கவில்லை.

இங்கேதான் நாம் தலைகுனிய வேண்டியுள்ளது. விரதத்துக்கு நேரும் சிறு பழுதை அதிசாரம் என்றனர் நம் முன்னோர். தத்துவார்த்த சூத்திரம் ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்தைந்து அதிசாரங்களை வரிசைப்படுத்துகிறது. எல்லை வகுத்து அதற்குள் அமைந்திருக்கும் தேச விரதத்தை மட்டும் பாருங்கள். எல்லைக்கு வெளியிலிருந்து பொருளை வருவித்தல், வெளியே ஆளை ஏவுதல், குரல் கொடுத்து அழைத்தல், உருவைக் காட்டிக் குறிப்புணர்த்தல், கல் முதலியவற்றை எறிதல் ஆகிய ஐந்தும் பழுதுகளாம். எல்லைக்குள் இருந்துகொண்டே எல்லையை ஏமாற்றும் மனத்தின் தந்திரங்களை எத்துணை நுட்பமாகக் கண்டனர்! இவ்வளவு நுண்ணிய கணக்கு நூலைக் கையில் வைத்திருக்கும் நாம், நம் பழுதுகளை எங்கே எழுதினோம்?

எம் இல்லத்து மூதாட்டி ஒருவர் சதுர்த்தசிதோறும் உபவாசம் இருப்பார். ஒருமுறை அரைத் தூக்கத்தில் எழுந்து, நாள் நினைவின்றி ஒரு குவளை நீர் பருகிவிட்டார். கண்டவர் எவருமில்லை. விடிந்ததும் வீட்டார் அனைவரையும் அழைத்து, ‘என் நோன்பு நேற்றிரவு பழுதாயிற்று’ என்று கூறி, மறுநாளும் உண்ணாதிருந்தார். அன்று அதனை முதுமையின் பிடிவாதம் என்று எண்ணினோம். 133 என்னும் எண்ணைப் படித்தபோதுதான் அம்மூதாட்டி செய்தது இன்னதென விளங்கிற்று. பிரதிக்கிரமணப் பாடத்தை நாம் வாயால் ஓதினோம். அவர் வாழ்ந்து காட்டினார்.

காண்பார் இல்லாத நோன்பு

மூன்றாவது செய்தி, 1986 டிசம்பர் 31 முதல் 1999 டிசம்பர் 31 வரை அமைந்த பதின்மூன்று ஆண்டுகள். அக்காலத்தில் கலை செய்வேன்; எவர்க்கும் காட்டமாட்டேன் என்பது உறுதி. இடையில், எவரும் அறியாவண்ணம் மறைந்து வாழ எண்ணி அலாஸ்கா நோக்கிப் புறப்பட்டார். சியாட்டில் நகரில் கூலிவேலை செய்து திரும்பினார். 2000 ஜனவரி 1 அன்று பொதுமக்கள் முன் அவர் அறிவித்தது, தம்மை உயிரோடு வைத்திருந்ததாகிய அவ்வொன்றையே. அதன்பின் கலை செய்வதையும் நிறுத்திக்கொண்டார்.

முதல் ஆண்டுகளில் வழக்கறிஞரின் முத்திரையும் நாள்தோறும் எடுத்த படங்களும் சான்றாக இருந்தன. இறுதிப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு அத்தகைய சான்று எதுவும் பிறர்முன் வைக்கப்படவில்லை. அவர் சொல்லை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். அவ்வுறுதி காக்கப்பட்டதா என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. பின்னாளில், 2009-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும், 2017-இல் வெனிஸ் நகரக் கலைவிழாவும் அவரது முந்தைய பணிகளைக் காட்சிக்கு வைத்தன; புகழ் வந்தது. அப்புகழுக்காகவே அவர் நோற்றாரா என்று நாம் கேட்கலாம். தவத்துக்குப் பயன் வேண்டுதலை நிதானம் என்னும் முள்ளாக நம் நூல்கள் கூறுவதால், கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் அவ்வினாவை முதலில் தொடுக்க வேண்டியது நம் மாலைக்கும் சால்வைக்கும் அன்றோ?

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது. பொறுத்தல் எல்லாம் தவமாகாது. நற்காட்சியும் கொல்லாமையும் பற்றறுதலும் கூடிய பொறுத்தலே தவம். ஆயின், நற்காட்சி நம்மிடம் உண்டு என்று சொல்லிக்கொள்வதால் மட்டும் நம் பொறுத்தல் தவமாகிவிடாது. உதவியவரின் பெயரைச் சொல்லுதல், பழுதை எண்ணி எழுதுதல், காண்பார் இல்லாதபோதும் உறுதி காத்தல் ஆகிய மூன்றும் வீடுபேற்றை எண்ணாத ஒருவருக்கே கைகூடின. அதை எண்ணி நோற்கும் நமக்கு அவை கைகூடாமற் போகலாமா?

வரும் பருவத்தில் நோன்பு முடிந்த மாலைப்பொழுதில், எத்தனை நாள் என்று எண்ணுவதற்கு முன், ஒரு தாளை எடுத்து எத்தனை பிழை என்று எழுதிப் பார்ப்போம். அத்தாளைப் பிறர்க்குக் காட்ட வேண்டுவதில்லை. அருகன் திருமுன் நின்று நாம் ஒருமுறை படித்தால் போதும்.

அறம் வெல்க!