விழிப்பும் அச்சமும்

நேர்ந்துவிட்ட துன்பத்தை மனிதன் எவ்வாறோ தாங்கிக்கொள்கிறான். நேரக்கூடும் என்று எண்ணும் துன்பத்தின் முன்தான் பெரும்பாலும் நிலைகுலைந்து போகிறான். மிகுந்த கிட்டப்பார்வை உடையவர்கள் இதனை நன்கு அறிவர். சிறுவயதில் மைனஸ் இரண்டு எனத் தொடங்கிய கண்ணாடி, படிப்பு முடிவதற்குள் எட்டு, பத்து என ஏறிவிடுகிறது. ஒவ்வொரு பரிசோதனையின்போதும் எண் கூடியிருக்குமோ என்று நெஞ்சு பதைக்கிறது. இன்று எழுத்து தெரிகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் தெரியுமா? பிள்ளைகளின் முகம் தெரியுமா? இக்கேள்விகளோடு உறங்கச் செல்வோர் நம்மிடையே பலர் உளர். இவ்வச்சத்தை வெறும் மனமயக்கம் என்று தள்ளிவிடலாமா?

தள்ளிவிடுதல் நேர்மையாகாது. வளர்ந்த மனிதரின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம் உடையது. மைனஸ் ஆறும் அதற்கு மேலும் செல்வதையே மருத்துவர்கள் மிகுந்த கிட்டப்பார்வை என வகுக்கின்றனர். அத்தகைய கண்கள் பெரும்பாலும் 26 மில்லிமீட்டரையும் கடந்து நீண்டிருக்கும். ஊதப்பட்ட பலூனின் தோல் மெலிவதுபோல, நீண்ட கண்ணின் உட்புறத்தில் விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. விழித்திரை கிழிந்து விலகுதல், அதன் மையப்பகுதி நலிதல், கண்ணழுத்த நோய், இளமையிலேயே கண்புரை ஆகியவற்றுக்கான வாய்ப்பு இவர்களுக்கு மற்றவரினும் மிகுதி. கண்ணாடி பார்வையைத் திருத்துகிறது. கண்ணின் நீளத்தைக் குறைப்பதில்லை. லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றியவருக்கும் உள்ளிருக்கும் விழித்திரை பழைய விழித்திரையே. ஆயினும் இதே உண்மைக்கு மறுபாதியும் உண்டு. மைனஸ் பத்துடன் முதுமை வரை நூல்களை வாசித்து வாழ்ந்தோர் பலர். இன்னாருக்கு இன்னது நேரும் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது.

இந்த உறுதியின்மைக்குள்தான் அச்சம் குடிபுகுகிறது. குடிபுகும்போது அது விழிப்பின் ஆடையை உடுத்திக்கொண்டு வருகிறது. "எச்சரிக்கையாக இருக்கிறேன்" என்று சொல்லியபடியே ஒருவர் நாளுக்குப் பத்து முறை ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சோதிக்கிறார். வெள்ளைச் சுவரைப் பார்த்து மிதக்கும் புள்ளிகளை எண்ணுகிறார். இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? நமக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்று உண்டு: விழிப்புக்குச் செய்து முடிக்கத்தக்க வேலை இருக்கும், அச்சத்துக்கு அது இராது.

விழிப்பின் வேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மருத்துவர் குறித்த காலத்தில், பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை, கண்மணியை விரியச் செய்து விழித்திரையைப் பார்க்கச் செய்தல் ஒன்று. கண்ணழுத்தத்தை அளந்து பார்த்தல் மற்றொன்று. அந்நோயால் இழந்த பார்வை மீள்வதில்லை, எஞ்சியிருப்பதை மருந்தால் காக்கலாம். திடீரென ஒளிக்கீற்றுகள் மின்னினாலோ, புதிய புள்ளிகள் கூட்டமாகத் தோன்றினாலோ, பார்வையின் ஓரத்தில் திரை இறங்குவது போலிருந்தாலோ அன்றே மருத்துவரை நாடுதல் மூன்றாவது. நேர்கோடுகள் வளைந்து தெரிந்தாலும் காலம் தாழ்த்தலாகாது.

இவை வீண் சடங்குகள் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை விழித்திரை விலகியவருக்குப் பார்வை ஏறக்குறைய முடிந்த கதை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ழூல் கோனன்தான், விலகலுக்குக் காரணம் விழித்திரையில் விழும் கிழிசலே என்றும், அதை அடைத்தால் கண்ணைக் காக்கலாம் என்றும் நிலைநாட்டினார். இன்று உரிய நேரத்தில் கண்ட கிழிசலைச் சுற்றி லேசரால் அணை கட்டிவிடுகிறார்கள். வெள்ளம் வருமுன் அணை என்பது இங்கு உவமையன்று, நடைமுறை. இவற்றைச் செய்து முடித்த மாலையில் அந்த நாளுக்குரிய கடமை நிறைவெய்திவிட்டது. அதற்கு மேலும் நம்மை விழித்திருக்கச் செய்வது அச்சமே. நாளைய பார்வைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. இன்றைய பார்வையையோ அது பயனின்றிச் செலவழித்துவிடுகிறது.

ஆயினும் விழிப்பு எல்லாவற்றையும் தடுத்துவிடாது. வேண்டியன யாவும் செய்தும் ஒளி குன்றலாம். ஆகவே இன்னும் ஆழமாகக் கேட்கவேண்டும்: நாம் உண்மையில் எதற்கு அஞ்சுகிறோம்? நிறங்களையும் முகங்களையும் இழப்பதற்கு அஞ்சுகிறோம். அந்தத் துயரம் மெய்யானது. அதற்கு ஆறுதல் மொழிகள் போதா. ஆனால் அதனடியில் வேறோர் அச்சமும் பதுங்கியிருக்கிறது. பிறர் கையைப் பிடித்து நடக்க நேருமே, பாரமாகிவிடுவோமே, மதிப்பிழந்துவிடுவோமே என்ற அச்சம் அது.

இவ்விரண்டாம் அச்சத்தைச் சற்றே உரைத்துப் பார்ப்போம். பிறர் துணையின்றிப் பார்ப்பவர் என்று கிட்டப்பார்வையாளர் எந்நாளில் இருந்தார்? குழிவில்லை கிட்டப்பார்வையை எவ்வாறு திருத்துகிறது என்பதை 1604இல் விளக்கியவர் வானியலறிஞர் கெப்ளர். யாரோ தேய்த்துத் தந்த வில்லையால்தான் நாம் கரும்பலகையைக் கண்டோம். காலையில் கண்ணாடி கைக்கு எட்டாவிட்டால், வீட்டாரை அழைத்துத் தேடித்தரச் சொல்கிறோம். அதனால் நம் மாண்பு குறைந்துவிட்டதாக எவரும் கருதியதில்லை. துணை வேண்டுவது இழிவெனில் அந்த இழிவு என்றோ தொடங்கிவிட்டது. இழிவன்றெனில் நாளையும் அது இழிவாகாது.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேயின் தந்தையும் பார்வை இழந்தவர். மகன் 1955இல் அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் இயக்குநரானபோது, அங்கிருந்த நூல்களைத் தாமே வாசிக்க இயலாத நிலையை எய்தியிருந்தார். அதன்பின் மாணவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு பழைய ஆங்கில மொழியைக் கற்கத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்லத் தாயார் எழுதினார். இதைக் காட்டி, குருடும் ஒரு வரமே என்று சொல்ல நாம் துணியோம். அவருக்கு வாசித்துக் காட்டவும் எழுதித் தரவும் ஆள் இருந்தது; பலருக்கு அது இல்லை. பார்வையின்மையின் சுமையில் ஒரு பகுதி கண்ணிலிருந்து வருகிறது. மறுபகுதியோ கைகொடுக்க ஆளின்மையிலிருந்தும், நடக்க விடாத நடைபாதையிலிருந்தும், வேலை தர மறுக்கும் மனங்களிலிருந்தும் வருகிறது.

நாளை நமக்கு நேருமோ என்று நாம் நடுங்கும் நிலையில் இன்றே நம் அயலார் வாழ்கின்றனர். அவர்கள் வேலைக்குச் செல்கின்றனர், பிள்ளைகளை வளர்க்கின்றனர், பிரெயில் எழுத்தில் தமிழ் படிக்கின்றனர், கைப்பேசி வாசித்துக் காட்டுவதைக் கேட்டுப் பதில் எழுதுகின்றனர். "அப்படி ஆவதைவிடச் சாவதே மேல்" என்று நாம் பேசும்போது, அறியாமலே அவர்கள் வாழ்வின்மீது தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

அச்சத்துக்கு வேலை இல்லை என்றோம். அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம். பார்வையற்ற மாணவர் ஒருவருக்குப் பாடநூலை வாசித்துப் பதிவு செய்து தரலாம். தேர்வறையில் அவர் சொல்வதை எழுதித் தரலாம். வாசலில் நடைபாதையை மறித்து நிறுத்திய வண்டியை நகர்த்தலாம். இதனால் நம் விழித்திரை வலுப்பெறப்போவதில்லை. ஆனால் அவர்களோடு பழகப் பழக, அறியாத இருளாக இருந்தது பெயரும் குரலும் உடைய நண்பராக மாறும். ஒருவேளை நமக்கும் அந்த நாள் வருமாயின், நாம் நுழையும் வீடு முற்றிலும் அந்நியமானதாக இராது. வராமலே போகுமாயின், கண் இருந்த காலத்தை நன்கு செலவிட்டவர்கள் ஆவோம்.