ஏழாண்டுக்கு மேல் எவர் பொறுப்பு?

ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று நடுச்சாலையில் தீப்பற்றி எரிந்தது என்று நாளேட்டின் மூலையில் நான்கு வரிச் செய்தி வருகிறது. திருவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அதை இருவர் படிக்கின்றனர். ஒருவர், "நேரம் சரியில்லை; இல்லாவிட்டால் ஓடுகிற வண்டி எரியுமா?" என்கிறார். மற்றவர், "பழைய வண்டி ஐயா, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார்.

முதலாமவருக்கு மறுமொழி கூறுவது நமக்கு எளிது. பல்லாண்டு பேசிப் பழகிய பேச்சு அது. ஆயுத பூசையன்று சக்கரத்தின்கீழ் நசுங்கும் எலுமிச்சம்பழம் பெட்ரோல் குழாயின் வெடிப்பை அடைக்காது என்று காட்டினால், சிந்திக்கக் கூடியவர் சிந்திப்பார். இரண்டாமவரோ கோள் பார்க்கவில்லை, குறி கேட்கவில்லை. அறிவு வழி பேசுவதாகவே எண்ணுகிறார். ஆயினும் அவர் சொன்ன அந்த "அப்படித்தான்" என்னும் சொல்லில், முதலாமவர் கும்பிட்ட அதே விதி, நெற்றிக் குறியைத் துடைத்துவிட்டு, கால்சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறது! இன்று நம் வழக்கு அவரோடுதான்.

பழைய வண்டி ஏன் எரிகிறது? பெட்ரோல், சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடுகின்ற பொருள். விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், பானெட்டுக்குள் அடைபட்ட வெப்பத்தில், அது சும்மா இருக்குமா? பெட்ரோலைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகுகிறது, இறுகியது வெடிக்கிறது, வெடித்த இடத்தில் துளி கசிகிறது. அருகே புகைபோக்கிக் குழாய் பழுக்கக் காய்ந்து கிடக்கிறது. இன்னொரு பக்கம் ஒயர்கள். எலி கடித்தது பாதி; கூடுதல் விளக்குக்கும் பாட்டுப் பெட்டிக்குமாக ஃப்யூஸ் இல்லாமல் முறுக்கி இணைத்தது மீதி. ஒரு பொறி போதும். வீட்டுச் சமையல் கியாஸைத் திருட்டுத்தனமாக ஏற்றி ஓட்டும் வேன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அது விபத்து அன்று, வரவழைப்பு.

இவற்றில் பெரும்பகுதி தேய்வு. தேய்வுக்கு உடையவரே பொறுப்பு. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் தேய்வு வேறு, பிறவிக் குறை வேறு. குழாயை எந்த வழியில் கொண்டுசெல்வது, எத்தகைய ரப்பரால் செய்வது, புகைபோக்கிக்கும் ஒயருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பனவெல்லாம் ஆலையில், வரைபட மேசையில் முடிவு செய்யப்பட்டவை. அங்கே நேர்ந்த பிழை, அந்த வகையில் பிறந்த ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் உறங்கும். அதை அறியக்கூடியவர் ஒருவரே. செய்தவர்! பணம் கொடுத்து வாங்கியவருக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே கேள்வி இது: அறிந்தவர், அறியாதவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவரா? ஆம் எனில், அந்தக் கடமைக்கு வயது வரம்பு உண்டா?

நம் நாட்டு வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு. 2009இல் டாட்டா நிறுவனத்தின் 'நானோ' வந்தது. ஒரு இலட்சம் ரூபாய்க் கார். மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் மனைவி மக்களோடு செல்லும் குடும்பத்துக்காக என்றே சொல்லி விற்ற கார். அவற்றுள் சில தீப்பற்றின. நிறுவனம் ஆய்வு நடத்தி, வடிவமைப்பில் குறையில்லை என்றது. 2010 நவம்பரில், சாலையிலிருந்த ஏறத்தாழ 70,000 நானோ கார்களுக்கும் புகைபோக்கியிலும் மின்னிணைப்பிலும் கூடுதல் காப்பு இலவசமாகப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. கூடவே, இது வண்டிகளைத் திரும்ப அழைப்பது ஆகாது என்றும் அழுத்திச் சொன்னது.

செய்தது நல்ல வேலைதான். எனினும் அந்தச் சொல்லுக்கு ஏன் அத்தனை அச்சம்? 'திரும்ப அழைக்கிறோம்' என்றால் அது கடனை ஒப்புக்கொள்வது. 'இலவசமாகச் செய்து தருகிறோம்' என்றால் அது ஈகை. கடனை ஈகையாக மாற்றுகிற வித்தையை நம் நாட்டு மேலோர் நெடுங்காலமாக அறிவர். கூலியை 'கொடை' என்று பெயரிட்டு நெல்லாக அளந்த கைகள் தெரிந்து வைத்திருந்த வித்தையே அது. அதே 2010இன் பிப்ரவரியில் மாருதி நிறுவனம் பெட்ரோல் கசிவுக்காக ஏறத்தாழ ஒரு இலட்சம் 'ஏ-ஸ்டார்' கார்களை வெளிப்படையாகத் திரும்ப அழைத்தது. அந்நிறுவனம் அதனால் அழிந்துவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இந்த அச்சத்தின் பின்னே உள்ள கணக்கை அமெரிக்காவில் ஏட்டிலேயே எழுதினர். ஃபோர்டு நிறுவனத்தின் 'பிண்டோ' காரில் பெட்ரோல் தொட்டி பின் அச்சுக்குப் பின்னே இருந்தது. பின்னால் வந்த வண்டி மோதினால் தொட்டி கிழிந்து தீப்பிடித்தது. 1973இல் அந்நிறுவனம் அரசுக்கு அனுப்பிய ஒரு கணக்கில், ஓர் உயிரின் விலை 2,00,000 டாலர். ஒரு தீக்காயம் 67,000 டாலர். 180 சாவு, 180 தீக்காயம், எரியும் வண்டிகள் எனக் கூட்டினால் 4 கோடியே 95 இலட்சம் டாலர். சீர்செய்ய வண்டிக்கு 11 டாலர் வீதம் ஒன்றேகால் கோடி வண்டிகளுக்கு ஆகும் செலவோ 13 கோடியே 70 இலட்சம். எது மலிவு என்று பாருங்கள்!

இந்தக் கணக்கை மேடையில் எடுத்துச் சொல்லும் தோழர்கள் பலர், பின்னால் மோதும் பிண்டோவுக்காகவே இது எழுதப்பட்டது என்கின்றனர். அது சரியன்று. வண்டி கவிழும்போது ஏற்படும் கசிவைப் பற்றியது அது. எல்லா வகைக் கார்களுக்குமாகப் போட்டது. உயிருக்கு 2,00,000 என்னும் விலையும் அரசு அலுவலகமே முன்னர்க் கணித்தது. எதிரியைப் பற்றியும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். உண்மையே போதுமான கொடுமையாக இருக்கிறது. உயிருக்கு விலை எழுத நிறுவனமும் அரசும் ஒரே பேனாவைப் பயன்படுத்தினவே, அதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்?

1977இல் ஓர் இதழ் இதனை அம்பலப்படுத்தியது. 1978 சூனில் ஏறத்தாழ 15 இலட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பழையவை 1970இல் செய்யப்பட்டவை. இந்த ஆண்டுக் கணக்கை நினைவில் வையுங்கள். நம் சட்டத்தைப் பார்க்கும்போது இது தேவைப்படும்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்னும் பிரிவைச் சேர்த்தனர். பயணிக்கோ, சாலையில் செல்பவருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யும் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு நடுவண் அரசு ஆணையிடலாம். வரவேற்க வேண்டிய பிரிவு. 2021 ஏப்ரல் முதல் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளில்தான் ஒரு சிறு வரி இருக்கிறது: ஏழாண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இது பொருந்தும்! நம் விதியின்படி பார்த்தால், 1978இல் திரும்பி வந்த பிண்டோக்களில் மிகப் பழையவை திரும்பியே இருக்கமாட்டா. எரிந்தால் எரியட்டும் என்று விடப்பட்டிருக்கும்.

அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தைப் புரட்டுங்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பின்னும் தகுதி பார்த்து ஐந்தாண்டு நீட்டிக்கலாம். வண்டி 15 ஆண்டு ஓடலாம் என்று வரி வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கும் அரசு, செய்தவனின் பொறுப்பு ஏழாண்டோடு தீர்ந்தது என்றும் எழுதிக் கொடுக்கிறது. இடையிலே எஞ்சும் எட்டாண்டு யார் கணக்கில்? அமெரிக்காவிலும் இலவசச் சீரமைப்புக்கு வரம்பு உண்டு; ஆனால் அங்கே 10 ஆண்டாக இருந்ததை 2015இல் 15 ஆக உயர்த்தினர். வண்டி ஓடுகிற வரை கடனும் ஓட வேண்டும் என்பதை அந்த முதலாளிகளின் நாடே ஓரளவு ஒப்புக்கொண்டது.

அந்த எட்டாண்டில் வண்டிக்குள் இருப்பவர் யார் என்று அறிய, திருவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே உள்ள 12 கிலோமீட்டர் சாலையில் அரைமணி நேரம் நின்றால் போதும். வசதி உடையோர் ஏழாண்டு நிறையுமுன் காரை மாற்றிவிடுகின்றனர். அது தரகரிடம் போகிறது. இரண்டாம் கைக்கு, மூன்றாம் கைக்கு மாறுகிறது. கடைசியில், பால்கோவாக் கடைகளுக்குப் பால் கேன் ஏற்றி வருபவரிடமும், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்து நான்கு காசு சேர்த்தவரிடமும், நூற்பாலையில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் நால்வர் கூட்டாக வாங்கியதாகவும் வந்து நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இன்னமும் முதல் உடைமையாளரின் பெயர்தான். நிறுவனம் நல்ல மனத்தோடு கடிதம் எழுதினாலும் அது பெரிய வீட்டு வாசலில் போய் விழும். பெட்ரோல் வாடை மட்டும் சின்ன வீட்டு வாசலுக்கு வரும். ஏழாண்டு என்னும் கோடு வண்டியின் வயதைப் பிரிப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அது மனிதரின் வருவாயைப் பிரிக்கிறது.

புதிய வண்டியென்றால் என்ன நடக்கிறது? 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு மின்னேற்றம் செய்துகொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் மாண்டனர். நாடு அதிர்ந்தது. மூன்று வாரத்தில் ஓக்கினாவா நிறுவனம் 3,215 ஸ்கூட்டர்களை மின்கலச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. ஒன்றிய அமைச்சர் எச்சரிக்கை விடுத்தார். மின்கல விதிகள் இறுக்கப்பட்டன. இரண்டு உயிருக்குப் பின் வந்த விரைவு என்றாலும் விரைவுதான். பன்னிரண்டு ஆண்டு ஓடிய கார் எரிந்தால்? நான்கு வரி. அப்படித்தான்.

வண்டி மாறாமல் இருக்க, அதற்கு ஊற்றும் எரிபொருளே மாறிவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2025இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்தது. உழவருக்கு நன்மை, அயல்நாட்டு எண்ணெய்ச் செலவு குறைவு என்பதெல்லாம் தனி விவாதம். பழைய ரப்பர் பாகங்களுக்கு எத்தனால் நண்பன் அன்று. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம், செலவு குறைவுதான் என்று அரசே அவ்வாண்டு ஆகஸ்டில் விளக்கம் தந்தது. செலவு குறைவென்றால், மாற்றம் செய்தவரே அதை ஏற்றாலென்ன? பால்காரர் கேட்டு ஊற்றியதா அந்தப் பெட்ரோல்? பங்கில் வேறு பெட்ரோல் தேடினாலும் எளிதில் கிடைக்காதே!

திருவில்லிபுத்தூரில் ஆடிப் பூரத்துக்குத் தேர் ஓடுகிறது. தேரோட்டத்தில் நமக்குள்ள கருத்தை நாடறியும். இங்கே அது பேச்சன்று. தமிழ்நாட்டில் பெருந்தேர்களை வடம் பிடிக்குமுன் பொறியாளர் வந்து அச்சையும் சக்கரத்தையும் சோதித்து உறுதிச் சான்று தருவது முறை. தேர் பழையது என்று சொல்லி எவரும் சோதனையை விட்டுவிடுவதில்லை. பழையது என்பதால்தான் சோதனை! கடவுள் ஏறும் வண்டிக்குப் பொறியாளர், மனிதர் ஏறும் வண்டிக்கு எலுமிச்சம்பழமா?

வண்டி செய்வோர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. பத்தாண்டுக்குள் வண்டி பல கை மாறுகிறது. எவரோ மலிவான உதிரிபாகம் போடுகிறார். எவரோ ஒயரை வெட்டி ஒட்டுகிறார். அதற்கெல்லாம் நாங்களா பொறுப்பு? நியாயமான கேள்வி. வேண்டாம், அதற்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டாம். நீங்கள் வரைந்த படத்தில் இருந்த பிழைக்கு மட்டும் பொறுப்பேற்றால் போதும். எது உங்கள் பிழை, எது பிறர் கைவேலை என்பதைப் பொறியாளர் கண்டு சொல்லட்டும். வயது அதைக் கண்டு சொல்லாது. ஏழாம் ஆண்டின் கடைசி நாளில் உங்கள் பிழையாக இருந்தது, மறுநாள் விடியும்போது எவர் பிழையாக மாறுகிறது?

இன்னொன்றும் பேசியாக வேண்டும். அறிந்தவர் சொல்ல வேண்டும் என்பது பெரிய நிறுவனத்துக்கு மட்டும் எழுதிய விதியன்று. பெட்ரோல் வாடை வருவதை அறிந்தே, இருக்கைக்கு அத்தர் தெளித்து, "ஒரே கை ஓட்டிய வண்டி" என்று விற்கும் தரகரும் ஃபோர்டின் கணக்கைத்தான் போடுகிறார். டாலருக்குப் பதில் ரூபாய், அவ்வளவே. வாங்கியவனிடம் சொல்லாமல் தன் பழைய காரைத் தள்ளிவிட்ட நம் நண்பரும் அந்த வரிசையில் நிற்கிறார், அவர் நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவராயினும்.

சட்டம் திருத்தப்படும் வரை இருக்கிற வாயிலையாவது பயன்படுத்தலாம். 110ஏ பிரிவின்படி, உடைமையாளர் புகார், சோதனை நிலைய அறிக்கை ஆகியவற்றோடு வேறெந்த வழியில் வரும் தகவலையும் அரசு கருதலாம். விதியிலோ எண்ணிக்கை இருக்கிறது: ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்ற கார் வகையானால் ஒரே தன்மையுடைய 1,250 புகார்கள் சேர வேண்டும். இராஜபாளையத்து ஒர்க்‌ஷாப்புகளில் கழற்றி எறியப்படும் வெடித்த குழாய்களும் கருகிய ஒயர்களும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை, குப்பையில்தான் விழுகின்றன. மெக்கானிக்குக்கு எழுத நேரமில்லை. மன்றத்து இளைஞருக்கு மாலையில் நேரம் இருக்கிறது. படிப்பகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். ஏழாண்டுக்கு உட்பட்ட வண்டி, மேற்பட்ட வண்டி என்று பாராமல் எழுதலாம்: வண்டியின் வகை, செய்த ஆண்டு, சேசிஸ் எண், கசிந்த அல்லது கருகிய இடம், கண்ட நாள், கண்ட மெக்கானிக்கின் கையொப்பம்.