தீவனத்தொட்டியில் கடைசி மருந்து

கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. மற்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் எல்லாம் பயனற்றுப் போனபின் மருத்துவர் எடுக்கும் மருந்து, நோயே இல்லாத கோழி சற்று விரைவாக எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது என்பது பலரைத் திடுக்கிட வைத்தது. பிழைப்பின் பொருட்டே செய்யப்பட்டதாயினும் அச்செயல் அறமாகாது. ஏனெனில் மருந்தின் ஆற்றல் அதை விலைகொடுத்து வாங்கியவருக்கு மட்டும் உரிய பொருள் அன்று.

குறைந்த அளவு மருந்து நாள்தோறும் உடலில் சேரும்போது வலுவற்ற பாக்டீரியாக்கள் மடிய, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்னும் மரபணு சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடத்திலும் காணப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. அது பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அமைந்திருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தாவக்கூடியது. அம்மருந்தைத் தொட்டே அறியாத ஒருவர், பிறந்த குழந்தையேயாயினும், அதன் பயனை இழக்கிறார்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கொலிஸ்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அஞ்சி, இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்தே மருந்தின் அளவு முடிவு செய்யப்படுகிறது. அதே மருந்து கொட்டகையில் மூட்டை மூட்டையாகத் தீவனத்தோடு இறைக்கப்பட்டது. பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி வாங்கும் முறை பற்றிப் பிசிராந்தையார் சொன்ன அறிவுரையில், அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலத்து நெல்லும் யானைக்குப் பல நாள் ஆகும். யானையே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி. வரிக்குச் சொன்ன அந்த நீதி மருந்துக்கும் அப்படியே பொருந்தும். மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை வள்ளுவர் அளவறிந்து உண்பதற்கே ஒதுக்கினார். அதன் பின்னரே நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து மருத்துவம் செய்யச் சொன்னார். நோயே இல்லாத இடத்தில் மருந்தைக் கொட்டுவது அந்த வரிசையையே தலைகீழாக்குவதாகும்.

ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்போர் பலருக்குக் குஞ்சும் தீவனமும் நிறுவனமே தருவதால் தீவனத்தில் கலப்பது அவர்கள் கையில் இல்லை என்பதும், ஏழை வீட்டுக்கு மலிவான புரதம் வேண்டும் என்பதும் மெய்தான். ஆயினும் வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதை ஸ்வீடன் 1986இலேயே நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றிலும் விலக்கியது. அங்கெல்லாம் கால்நடை வளர்ப்பு அழிந்துவிடவில்லை.

மாற்று மருத்துவம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இத்தவற்றுக்குச் சமாதானம் ஆகாது. பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்களான பேஜ்களைக் கொண்டு நோய் தீர்க்கும் முறையை ஜார்ஜியா நாட்டின் திபிலிசி நகரில் 1923இல் தொடங்கப்பட்ட எலியாவா நிறுவனம் இன்றளவும் பேணி வருகிறது. அது மதிக்கத்தக்க பணி. ஆனால் ஒவ்வொரு பேஜும் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களையே கொல்லும் என்பதால், நோயாளியின் உடலிலுள்ள கிருமியை முதலில் ஆய்வகத்தில் வளர்த்து, அதற்குப் பொருந்தும் பேஜைத் தேடியெடுக்க வேண்டும். அதற்கு நாள்கள் ஆகும். இரத்தத்தில் கிருமி பரவிய நோயாளியை அந்த நாள்கள்வரை உயிரோடு வைத்திருக்க மருத்துவரிடம் இன்றும் இருப்பவை கொலிஸ்டின் போன்ற ஊசி மருந்துகளே.