முதற் கருவியைத் தேர்பவர் யார்?

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. கேரளம் முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு எய்திய மாநிலம் என்பதே அது. வீடுவீடாகக் கணக்கெடுத்து, திறன்பேசியை இயக்க அறியாதார் ஏறத்தாழ 21.88 லட்சம் பேரைக் கண்டறிந்து, அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் பயிற்சி அளித்த பின்னரே இவ்வாறு அறிவித்தனர். நூறு வயதைக் கடந்த முதியவர் ஒருவரும் அதனைக் கற்றார் என்னும் செய்தியை அன்பர்கள் நாளிதழ்களில் கண்டிருக்கக் கூடும். இம்முயற்சிக்கு வித்திட்டது இம்மாவட்டத்தைச் சார்ந்த புல்லம்பாறை ஊராட்சியாகும். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே அவ்வூர் இப்பெருமையை எய்திவிட்டது. தொழிலுறுதித் திட்டத்தில் மண்வெட்டும் தாய்மார்கள், வேலை செய்யும் இடத்திலேயே இளைஞர்களிடம் பாடம் கேட்டனர்.

இது மகிழத்தக்க செய்தியே. 1996-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் கொச்சியில் நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை அவர்கள் இம்மாநிலத்தின் முதற் செல்பேசி அழைப்பை விடுத்த பொழுது, அக்கருவி செல்வர்க்கே உரியதாயிருந்தது. வந்த அழைப்பை ஏற்பதற்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. அன்று செல்வர் கையிலிருந்தது இன்று கூலியாள் கையிலும் இருக்கின்றதெனின், அதனைக் குறை கூறுவார் யார்? ஆயினும், கருவியை இயக்கக் கற்பது ஒன்று. அக்கருவியைத் தேர்ந்து கொள்வது மற்றொன்று. முன்னதைக் கணக்கெடுத்தார்கள். பின்னதைப் பற்றிச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. திருவனந்தபுரத்தின் கரமனைப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அங்கே எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தனியே வாழ்கின்றார். கணவர் மத்திய அரசுப் பணியில் இருந்து மறைந்தவராதலின் குடும்ப ஓய்வூதியம் வருகின்றது. மகன் வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கின்றார். அம்மையாரிடம் அதுவரை இருந்தது பட்டன் போன் ஒன்றே. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல், திறன்பேசியின் முன் முகத்தைக் காட்டியே அச்சான்றினை அளித்துவிடலாம். வங்கிக்கு ஆட்டோவில் சென்று வரிசையில் நிற்கும் துன்பத்திலிருந்து தாயை விடுவிக்க எண்ணிய மகன், ‘நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்’ என்று எமக்கு எழுதினார்.

அவர் அத்துடன் நிறுத்தவில்லை. தாயார் இருக்குமிடம் தம் கருவியில் எப்பொழுதும் தெரியும்படி செய்தல் வேண்டும். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தமக்குத் தெரிவித்தல் வேண்டும். இவ்விரண்டையும் தாயாரிடம் சொல்ல வேண்டா, சொன்னால் வீணாகக் கலங்குவார் என்றும் எழுதியிருந்தார்.

மகனைக் கொடியவர் என்று எண்ணுதல் தவறு. ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி முதியோரின் சேமிப்பைப் பறிக்கும் வஞ்சகர் மலிந்த நாளிது. போலீஸ் உடையில் திரையில் தோன்றி, ‘உம்மைக் கைது செய்துள்ளோம், எவரிடமும் பேசாதே, பணத்தை இக்கணக்குக்கு அனுப்பு’ என்று மணிக்கணக்காக அச்சுறுத்துகின்றனர். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே இல்லை. ஓய்வு பெற்ற அதிகாரிகளும் மருத்துவர்களுமே இவ்வலையில் வீழ்ந்திருக்க, தனித்து வாழும் தாய்க்காக மகன் அஞ்சுவது இயல்பே.

எனினும் அவ்வச்சம் எங்கே கொண்டு சேர்க்கின்றது என்பதை நோக்குக. தாயின் கையில் ஒரு சாளரத்தைக் கொடுக்கின்றோம் என்கின்றோம். அச்சாளரத்தின் வழியே தாயை நாம் பார்க்கின்றோம், அவரோ அதனை அறியார். வஞ்சகனிடமிருந்து காப்பதற்காக நாமும் ஒரு சிறு வஞ்சனை செய்கின்றோம். நோக்கம் நன்று என்பதனால் மறைவு நன்றாகிவிடுமா? பத்து வயதுச் சிறுவனிடம் எல்லாவற்றையும் விளக்க இயலாது என்று வாதிடலாம். நாற்பது ஆண்டுகள் குடும்பக் கணக்கைத் தம் கையால் எழுதி நடத்திய ஒருவரைப் பற்றி அவ்வாறு வாதிடல் பொருந்தாது.

இவ்விடத்தில் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று நினைவுக்கு வருகின்றது. கோழிக்கோட்டைச் சார்ந்த கல்லூரி விடுதியொன்றில் மாலை 6 மணி முதல் 10 மணி வரை செல்பேசி கூடாதென்று விதி செய்தனர். அதனை ஏற்க மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையிலும் தனிமையுரிமையிலும் அடங்கும் என்று கூறி, அம்மாணவியை மீண்டும் சேர்க்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. இளம்பெண்ணின் நன்மை கருதியே விதி செய்தோம் என்பது விடுதியாரின் வாதமாயிருந்தது. நன்மையைக் கருதுவோர் அதனை அடைவோரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்றே எமக்குத் தோன்றுகின்றது. இளையோர்க்கு உரிய தனிமை முதியோர்க்கு இல்லையென்று எந்த நூலும் கூறவில்லை.

மறுபுறமும் ஒன்றுண்டு. வேண்டா என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் தேர்வு என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. 2020-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் இம்மாநிலத்தில் பள்ளிப் பாடங்கள் தொலைக்காட்சி வழியும் இணைய வழியும் தொடங்கிய பொழுது, அவ்விரு வசதியும் இல்லாத மாணவர் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் என்று கணக்கிட்டனர். அவ்வீடுகளில் எந்தத் திறன்பேசி சிறந்தது என்று எவரும் ஆராய்ந்திரார். கடன் வாங்கியேனும் ஒன்றை வாங்கினர். ஆதலின் ‘எதனை வாங்குவது’ என்பதற்கு முன் ‘வாங்காமலிருக்க முடியுமா’ என்று கேட்டல் வேண்டும். அம்மையார் வரையில் முடியும். வங்கியிலும் அஞ்சலகத்திலும் அச்சான்றை இன்றும் அளிக்கலாம். அஞ்சற்காரரே சிறு கட்டணம் பெற்று வீடு தேடி வந்து பதிவு செய்து தருவதும் உண்டு. பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பும் வழியை ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் திறந்து வைத்தது. இவற்றை மகன் அறிந்திலர். யாமும் அதுவரை அம்மையாரிடம் சொன்னதில்லை என்பதை நாணத்துடன் ஒப்புக் கொள்கின்றோம்.

எனவே கடைக்குச் செல்லுமுன் அவர் இல்லத்திற்குச் சென்றோம். மகன் எழுதியதனைத்தையும் மறைக்காமல் கூறினோம். வாங்காமலே காலம் கழிக்கும் வழிகளையும் கூறினோம். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அஞ்சற்காரர் வந்தால் போதும்தான் தம்பி. ஆனால் பேத்தியின் முகத்தைப் பட்டன் போனில் பார்க்க முடியாதே” என்றார். சான்றுக்காக என்று நாம் எண்ணிய கருவி பேத்திக்காக வேண்டப்பட்டது. எமது கணக்கு அத்துணையும் பிழை.

பிக்குகளுக்குரிய விநய விதிகளுள் திருவோட்டைப் பற்றிய விதியொன்றுண்டு. ஐந்து ஒட்டுக்களுக்குக் குறைவாக உள்ள ஓட்டை வைத்துக்கொண்டு புதியதொன்றைப் பெற்ற பிக்கு, அப்புதிய ஓட்டைச் சங்கத்தின் முன் விட்டுவிடல் வேண்டும். அது மூத்தோர் முதலாகக் கைமாறிச் சென்று, இறுதியில் எஞ்சும் ஓடே அவருக்குக் கொடுக்கப்படும். உடையும்வரை அதனையே வைத்திருத்தல் வேண்டும். ஆண்டுக்கொரு புதுக்கருவி தேடும் எம்போன்றோர் இவ்விதியைப் படித்துத் தலை குனியலாம். ஒவ்வொரு கருவியின் மின்கலத்திலும் பெரும்பாலும் காங்கோ நாட்டின் கோபால்ட் உள்ளது. அதனைத் தோண்டுவோருள் சிறுவரும் இருந்தமை பலமுறை வெளிப்பட்டதாகும்.

ஆகவே சாலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்த பொழுது, எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும், மின்கலம் தேய்ந்தால் மாற்றித் தருவீரா என்ற இரண்டையே முதலில் கேட்டோம். ஐரோப்பிய ஒன்றியம் 2025-ஆம் ஆண்டு ஜூன் 20 முதல், விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது ஐந்தாண்டுகள் புதுப்பிப்புக் கிடைக்க வேண்டுமென்று விதித்துள்ளது. கடைப்பையனோ கேமராவின் திறனைப் பற்றியே பேசினான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. வருவோர் அனைவரும் அதைத்தான் கேட்கின்றனர் போலும்.

அம்மையார் கேட்டவை வேறு. ஒரு கையில் அடங்குமா? எழுத்தைப் பெரிதாக்கலாமா? தமிழும் மலையாளமும் பேசினால் எழுதிக் கொள்ளுமா? மகன் குறித்த தொகையில் பாதி விலையுள்ள, ஆறாண்டுப் புதுப்பிப்பு உண்டென்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்த ஒன்றைத் தேர்ந்தார். கடவு எண்ணைப் பதியும் பொழுது எம்மைச் சற்றுத் திரும்பி நிற்கச் சொன்னார். வஞ்சகர் அழைத்தால் துண்டித்துவிட்டு 1930 என்னும் எண்ணுக்குப் பேசுமாறு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். அதனை மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டார்.

அன்றிரவே மகனைத் திரையில் அழைத்தார். வங்கிக் கடவுச்சொல்லைத் தர இயலாது என்றார். இருக்குமிடம் தெரிவதைப் பற்றிக் கேட்டபொழுது, “நான் எங்கே இருக்கிறேன் என்று நீ பார்த்துக்கொள். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்கும் தெரியட்டும்” என்றார். மகன் சிறிது தயங்கினார், பிறகு இசைந்தார். பழைய பட்டன் போன் அப்பொழுதும் அடுக்களை அலமாரியில் மின்னேற்றப்பட்டுக் கொண்டிருந்தது.